உம் கொட்டிய மத்தியானங்கள்

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். மேலே பங்களாவில் மேனேஜரும் அவர் மனைவியும். அந்த அம்மா ஸ்பெயின்காரர், கிட்டத்தட்ட என் வயது. மேனேஜர் வெளிநாட்டில் படித்தபோது கல்யாணம் செய்து கூட்டி வந்தவர். அவர் பாஷையில் பேச மலையில் ஒரு ஆள் கிடையாது. எனக்கும் மத்தியானங்களில் வேலை இருக்காது. ஸ்பானிஷ் கற்றுத் தரட்டுமா என்று தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் அவரே கேட்டார்.

மழைக்காலம். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி அறைக்குள் வந்துவிடும். வெளியே மரங்கள் தெரியாது, அவை சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த வெளுப்புக்குள் அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பது பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். போகப்போக ஓரளவு புரிந்தது.

ஒருவர் பேசும்போது குறுக்கிடக்கூடாது என்று நான் தரையைப் பார்த்தபடி வாய் திறக்காமல் கேட்பேன். இரண்டு வாக்கியம் பேசி நிறுத்திவிடுவார். புரியவில்லையா என்பார். புரியுதுங்க என்பேன். மறுபடியும் நிறுத்துவார். ஒருநாள் விஷயத்தைச் சொன்னார். அவர் ஊரில் கேட்பவர் சும்மா இருந்தால் கோபம், இல்லாவிட்டால் தூக்கம் என்று அர்த்தமாம். ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ‘யா’ என்றால் புரிகிறது. ‘க்ளாரோ’ என்றால் பின்னே இல்லையா. ‘கே பியேன்’ என்றால் நொம்ப நல்லது. வீடு திரும்பும் வழியெல்லாம் காபிச் செடிகளிடம் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். துறைமுகத்தில் படகு பழுது பார்க்கிறவர். மகள் கப்பல் ஏறியதுவரை எனக்குப் புரிந்தது. வழியனுப்ப வந்திருப்பார் என்று நினைத்து, “கே பியேன்” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு தமிழில், “அப்பா செத்துட்டாரு” என்றார்.

அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் அழுகையானது. கற்ற சொல் ஒன்றும் வாயில் வரவில்லை.

“அய்யோ... எப்பங்க?” என்றேன்.

அவர் ஸ்பானிஷில் பதில் சொன்னார். ம் என்றேன். அவர் நிறுத்தவில்லை. “அப்புறமுங்க?” என்றேன். பேசிக்கொண்டே போனார். மகள் நடுக்கடலில் இருந்தபோதுதான் அப்பா போயிருக்கிறார். ஒரு இடத்தில் சொல் வராமல் நின்றார். கடலைத்தான் சொல்ல வருகிறார் என்று தெரிந்து, “மார்” என்று எடுத்துக் கொடுத்தேன்.

“ஸி, எல் மார்,” என்று ஆமோதித்துத் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

மேனேஜரின் ஜீப் வந்து நின்றது. இறங்கி வந்தவர் கதவருகே கொஞ்சம் நின்று, சத்தமில்லாமல் பின்பக்கமாகப் போய்விட்டார். நாங்கள் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டில் இவர், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். அவங்க அப்பாவைப் பத்திச் சொன்னாங்க என்றேன். எல்லாம் விளங்கிச்சா என்றார். பாதிதான் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அடுத்த நாள் போனபோது, நான் உட்காருவதற்கு முன்பே தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.