காஹாங் அறையின் முப்பத்தேழு டிகிரி

வீட்டில் பேய்ப் படம் ஓடினால் நான் எழுந்து துணி மடிக்கப் போய்விடுவேன். பயம் இல்லை, சலிப்பு. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

மலேசியாவில், ஜோகூரின் தெப்ராவில், ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கண்காணிப்பு அறையில் எனக்குப் பகல் வேலை. ஜோகூர் முழுக்க நிற்கும் கோபுரங்களின் கீழே ஆளில்லாத சின்ன அறைகள் உண்டு. உள்ளே இயந்திரங்கள், அவை சூடாகாமல் இருக்க ஏர்கோன், சூட்டைப் பார்த்துச் சொல்ல மேலே ஒரு சென்சார். நாங்கள் வைத்த எல்லையைச் சூடு தாண்டினால் என் திரையில் சிவப்புக் கோடு வரும், பீப் அடிக்கும், நான் ஆள் அனுப்ப வேண்டும். காஹாங்கில் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் அறை மட்டும் தினம் மதியம் சும்மாவே கத்தும், ஆள் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லையை முப்பத்தைந்திலிருந்து அறுபதுக்கு ஏற்றிவிட்டேன். செய்யக் கூடாதுதான், ஆனால் எங்கள் அறையில் எல்லாரும் செய்வதுதான்.

அந்த வியாழக்கிழமை பேட்டரி மாற்ற செல்வம் அங்கே தனியாகப் போயிருந்தான். எங்கள் டெக்னீஷியன், என்னைவிட எட்டு வயது சின்னவன், வாய் ஓயாது. உள்ளே போனதும் போன் செய்தான்.

"அக்கா, வந்துட்டேன். ஏர்கோன் ஜில்லுன்னு இருக்கு லா, இங்கயே தூங்கிடலாம் போல."

"வேலைய முடிச்சிட்டு போன் பண்ணு."

இரண்டரை மணி இருக்கும், காஹாங் கத்தியது. முப்பத்தேழு டிகிரி. எல்லை அறுபது, முப்பத்தேழுக்கு இது ஏன் கத்துகிறது என்ற எரிச்சலில் திரையில் அலாரத்தை மூடிச் சத்தத்தை நிறுத்தினேன். மறுபடி கத்தியது, மறுபடி மூடினேன், சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தேன். மூன்றாவது தடவை கத்தியபோது என்னவோ போல் இருந்தது. செல்வத்துக்கு ஐந்து முறை அடித்தேன், எடுக்கவில்லை. தோட்டத்து ஆபீசைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன், வாசலில் காவல் இருக்கும் ஜாகாவை மோட்டார் சைக்கிளில் அனுப்பினார்கள்.

ஏணியிலிருந்து விழுந்து, மண்டை உடைந்து ரத்தத்தில் கிடந்திருக்கிறான். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் ரிப்போர்ட் எழுதப் பதிவைத் திறந்தால், அந்த மதியம் முழுக்கக் காஹாங்கில் இருபத்திரண்டு டிகிரி, ஏற்ற இறக்கமே இல்லை. நம்புவீர்களோ மாட்டீர்களோ, அலாரம் வந்ததாகவே அதில் இல்லை, நான் மூடியதும் இல்லை. ஏதோ சிஸ்டம் கோளாறு என்றார் மேலதிகாரி, நானும் தலையாட்டினேன். இரண்டு தடவை மூடியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பதிவிலேயே இல்லாததை எதற்குச் சொல்ல வேண்டும் என்று சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் வெட்கம்.

பத்து நாள் கழித்துச் செல்வத்தைப் பார்க்க அவன் வீட்டுக்குப் போனேன். தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

"அக்கா, நீங்க அனுப்பின ஆளு யாரு?"

"ஜாகாவயா கேக்குற?"

"அவரு அப்புறம்தான வந்தாரு. அதுக்கு முன்னாடியே ஒருத்தர் நின்னாரு. கைய மேல தூக்கி அந்தச் சென்சார இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு. என் பக்கம் திரும்பவே இல்ல."

"மண்டையில அடிபட்டா அப்படித்தான் தோணும்."

"இருக்கும்," என்று சுளையை வாயில் போட்டுக்கொண்டான். "ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. அந்தம்மா ரெண்டு தடவ மூடிட்டாங்க, இன்னும் ஒரு தடவ பாக்கலாம்னாரு."

எதை மூடினீங்க அக்கா என்று கேட்டான். நான் இன்னொரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.