விரல் போனா போவுது

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன் நான். அதன் பிறகு எந்த ஊரிலும் நிலையாகத் தங்கவில்லை. காக்களூரில் பிளாஸ்டிக் குடம் வார்த்தேன். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டினேன். வேலை போனால் போகிறது, அறை போனால் போகிறது என்று பையைத் தோளில் மாட்டி நடந்துவிடுவேன். எனக்கென்று இருந்த வண்டி என் இரண்டு கால்கள்தான். வலது காலின் சுண்டுவிரலில் புண் வந்ததும் அந்த வண்டிக்கு ஆபத்து வந்தது.

அப்போது கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த ஆளாகப் பழைய இரும்பு பிரித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் செருப்புதான் போட்டிருந்தேன். தகரம் கிழித்தது தெரியவில்லை. செருப்பு பிசுபிசுக்கவே குனிந்து பார்த்தேன், ரத்தம். சர்க்கரை வந்து சில வருஷங்களாகிவிட்டதால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. கிழித்தது கிழித்ததுதான், புண் ஆறவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "சர்க்கரையைக் குறைக்கலன்னா இந்த விரலை எடுக்க வேண்டி வரும்" என்றார்.

"எடுத்துக்கோங்க சார். இன்னும் ஒன்பது கீதே."

அவர் சிரிக்கவில்லை. என்னை அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அங்கே மனநல ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயசுப் பெண். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயில் மாறி வருகிறவர். தன் வேலைக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்று பெயர் சொன்னார். நடத்தை என்றதும் எனக்குப் போலீஸ் ஸ்டேஷன் நினைவுதான் வந்தது. எதுவும் செய்யவில்லை என்று முதலிலேயே சொல்லிவைத்தேன்.

"பழைய டெஸ்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணா. கடைசி டெஸ்ட் மட்டும் ஏன் இவ்ளோ மோசம்?"

"அதான் மேடம் நானும் கேக்கறேன். ரெண்டு நாளு பாகக்கா ஜூஸ் குடிச்சும் ஃபெயில் போட்டுட்டாங்கோ."

எங்கள் ஷிஃப்டில் சர்க்கரை உள்ள எல்லோரும் செய்வதுதான் அது. ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து கஞ்சித் தண்ணீரும் பாகற்காய்ச் சாறும். பரீட்சைக்குப் படிப்பது மாதிரி. ரத்தம் கொடுத்த கையோடு டீக்கடைக்குப் போய் ஜிலேபி தின்போம். பாஸ் ஆனதற்கு அது ஊர் வழக்கம். இந்த முறை எடுத்தது மூன்று மாத டெஸ்ட்டாம்.

"மூணு மாசமா சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு அதுல தெரிஞ்சுடும்" என்றார்.

என் ரத்தமே என்னைப் பற்றிக் கோள் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"ஜிலேபியை வாயில வைக்கறதுக்கு முன்னாடி மனசுல என்ன ஓடும்?"

"ஒண்ணியும் ஓடாது. வாய்தான் ஓடும்."

"வாய் ஓடறதுக்கு முன்னாடி?" என்றார். யாராவது அப்படி விடாமல் கேட்டால் என்னால் தாங்க முடியாது.

"போனா போவுதுன்னு ஓடும் மேடம்."

"எது போனா?"

  இத்தனை வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன், எது என்று யாரும் கேட்டதில்லை.

டீயில் சர்க்கரை வேண்டாம் என்று ஏன் சொல்வதில்லை என்று அடுத்துக் கேட்டார்.

"நோவு கீதுன்னு தெரிஞ்சா வேலைய உட்டுத் தூக்கிடுவாங்கோ."

"யார் சொன்னா?"

"நான்தான்."

"யார்கிட்ட?"

"என்கிட்டயேதான். டெய்லி."

சிகிச்சை அவ்வளவுதான் என்றார். மனதில் ஓடுகிற பேச்சைப் பிடிக்க வேண்டும், அது உண்மைதானா என்று விசாரிக்க வேண்டும், பிறகு செய்து பார்க்க வேண்டும். எழுதிவரச் சொன்னார். எனக்கும் பேனாவுக்கும் ஆகாது என்றேன். அப்படியானால் ஆசை வரும்போது நினைப்பதை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள் என்றார்.

மறுநாள் காலையில் கம்பெனி வாசல் டீக்கடை. கடைக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குக்காரர். எல்லோரையும் நைனா என்பார்; அதனால் எங்களுக்கும் அவர் நைனா. கேட்காமலே ஜிலேபியைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். ஒரு கையில் அதை வாங்கிக்கொண்டு, ஓரமாகத் திரும்பி நின்று போனில் பேசினேன்.

"மேடம், ஜிலேபி கையில கீது. மனசுல இன்னா ஓடுதுன்னா, விரலு போனா போவுது, இன்னிக்கு ஒண்ணு துன்னுட்லாம்னு ஓடுது. எனுக்கு சுகர்னு தெரிஞ்சா சூப்பர்வைசர் தொர்த்திடுவாரு, அதான் கம்முனு துன்னுகினு கீறேன். எது போனான்னு நீ கேட்ட பாரு, அதுலர்ந்து ஒரே பேஜாரா கீது."

அனுப்பினேன். சற்று நேரத்தில் அடுப்புக்குப் பக்கத்திலிருந்து என் குரலே கேட்டது. "மேடம், ஜிலேபி கையில கீது..."

எங்கள் ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் டீ ஆர்டருக்காக நைனாவையும் சேர்த்திருந்தோம். நான் போனை எடுத்த நேரம் பார்த்து எவனோ அதில் குட்மார்னிங் ரோஜாப் பூ போட, மேடத்தின் பெயருக்கு மேலே வந்து நின்றது குரூப். என் விரல் அதைத்தான் தொட்டிருக்கிறது. கடையில் இருந்தவர்கள் முழுசாகக் கேட்டார்கள். நைனா கைநீட்டி ஜிலேபியைப் பிடுங்கித் தட்டில் திரும்பப் போட்டார்.

"விரலு போற அளவுக்கு வந்துகீது, ஒரு வார்த்த சொன்னியா நைனா? நான் இன்னாடான்னா பாகுல நல்லா முக்கிமுக்கிக் குடுத்துகினு கீறேன்!"

குரூப்பில் பதில்கள் கொட்டின. ஒருவன் எனக்கும் சுகர்தான் என்றான். இன்னொருவன் பாகற்காய் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று கேட்டான். யார் அந்த மேடம் என்றுதான் நிறைய பேர் கேட்டிருந்தார்கள். கடைசியாக சூப்பர்வைசர்: "ஆபீசுக்கு வா."

உடனே மனதில் ஓடியது, போனா போவுது. அறைக்குப் போய்ப் பையை எடுத்தால் அடுத்த மின்சார ரயிலைப் பிடித்துவிடலாம். ஆனால் கூடவே மேடத்தின் குரலும் வந்தது, எது போனா? அந்தப் பெண் என்னை நன்றாகக் கெடுத்துவைத்திருந்தார். நொண்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

"செருப்பக் கழட்டு" என்றார் சூப்பர்வைசர். விரலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இத்த வச்சிகினா இரும்புல நடந்துகினு கீற? அறிவு கீதாய்யா?"

"ஷூ கேட்டேன் சார். காண்ட்ராக்ட் ஆளுக்குக் கெடையாதுன்னீங்கோ."

 அவர் பீரோவைத் திறந்து ஒரு ஜோடியை எடுத்துக் கீழே போட்டார். என் காலுக்கு அது படகு.

"பெருசாவே இருக்கட்டும், புண்ணு உரசாது. ஆறுற வரிக்கும் கேட்டுல குந்தி லாரிக்கு சீட்டு குடு. உள்ள வந்து விரலு போச்சுன்னா என் தலைதான் உருளும்."

என் மேல் பிரியம் ஒன்றும் இல்லை. அவருக்கு அவர் தலை, எனக்கு என் விரல். துரத்தவில்லை என்பது மட்டும் நிஜம். இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தது பொய் என்று தெரிந்ததில் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு நைனா எனக்கு மட்டும் டீயைச் சர்க்கரை போடாமல், ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டுத் தருவார். குடிக்க நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஜிலேபி தின்றதே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தின்ற நாட்களில் மேடத்துக்குப் பேசி அனுப்பினேன், அனுப்பும் முன் பெயரை இரண்டு முறை பார்த்து.

அடுத்த மூன்று மாத டெஸ்ட்டுக்குப் பாகற்காய் குடிக்கவில்லை. படிக்காமல் பரீட்சைக்குப் போவது எனக்குப் புதிதல்ல. டாக்டர் தாளைப் பார்த்தார், பிறகு விரலை அழுத்திப் பார்த்தார். புண் காய்ந்து தோல் மூடியிருந்தது.

"பாஸா சார்?"

"இன்னும் இறங்கணும். ஆனா விரலை எடுக்க வேணாம்."

அடுத்த அறையில் மேடம் வழக்கம்போலக் கேட்டார். "இப்ப மனசுல என்ன ஓடுது அண்ணா?"

"வேற ஊருக்குப் போலாம்னு ஓடுது மேடம். பத்து விரலோட."

"எந்த ஊருன்னு வாய்ஸ் போடுங்க" என்றார். "எனக்கு மட்டும்."