குதிரையிலும் சைக்கிளிலும் எங்கள் அண்ணன்

டிக்கோயா ஆஸ்பத்திரியில் அண்ணன் கண்ணை மூடியபோது பக்கத்தில் இருந்தவர்கள்: அம்மா. அண்ணி. அண்ணியின் தம்பி. கொட்டகலை சைக்கிள் கடை நானா. வார்டில் வேலை செய்த ஒரு சிங்கள நர்ஸம்மா. தங்கச்சி நான். நல்ல மழை. பஸ் ஓடவில்லை. மற்றவர்கள் நடந்து வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு வருடம் ஆகிறது. திதிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கத்தான் இந்த நினைவு மலர். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். கொழுந்து எடுக்கிறேன். தெரிந்த அளவுக்கு எழுதியிருக்கிறேன். வாத்தியார் எழுத்துப் பிழை மட்டும் திருத்தினார்.

அவர் முதலில் எழுதிக் கொடுத்த தாளில் "பணிவே உருவானவர்" என்று இருந்தது. அதை அடித்துவிட்டேன்.

"எல்லா மலர்லயும் போடுறதுதாம்மா" என்றார்.

"எங்க அண்ணனுக்கு வேணாங்க ஐயா" என்றேன்.

அண்ணன் மரியாதை தெரிந்தவர். பணிவு வேறு.

அண்ணன் பிறந்தது இதே தேயிலைத் தோட்டத்தில், நடு லயத்து வரிசை வீடுகளில், ஐந்தாவது காம்பராவில். அப்பா மரம் வெட்டும்போது கிளை விழுந்து இறந்தார். அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. எனக்கு நான்கு. அண்ணன் துரை பங்களாவில் குதிரைக்குப் புல் அறுக்கப் போனார். குதிரை இருந்த இடம் லாயம். நாங்கள் இருந்த இடம் லயம். எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம். லாயத்துக்குப் பலகைத் தரை போட்டிருந்தது. எங்களுக்குச் சாணி மெழுகிய தரை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் அண்ணன் குதிரைக்காரர் ஆனார். துரையின் குதிரைக்கு இங்கிலீஷில் ஏதோ பெயர். அண்ணன் வைத்த பெயர் செவலை. அதற்குத்தான் அது திரும்பிப் பார்க்கும். துரைக்கு முழங்கால் கெட்டிருந்தது. கிழமையில் இரண்டு நாள்தான் ஏறுவார். குதிரையைச் சும்மா நிறுத்தினால் கால் பிடித்துக்கொள்ளும். மற்ற நாளெல்லாம் அண்ணன் ஓட்டினார். முதுகு வளையாமல் உட்காருவார். எங்கள் ஆட்களில் அப்படி உட்கார்ந்த ஒருவரை நான் வேறு பார்த்ததில்லை.

பிறகு சைக்கிள் வந்தது. நானா கடையில் பழைய சாமான்களாகக் கிடந்ததை அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார். நானா கேட்டாராம்: "குதிரைல போற மனுசனுக்கு இந்தத் தகரம் என்னத்துக்கு தம்பி?" அண்ணன் சொன்னது: "அது தொரையோடது நானா. இது என்னோடது." சைக்கிளுக்கு லைசென்ஸ் தகடு கிடைத்தது. அண்ணனுக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. கடைசி வரை கிடைக்கவில்லை.

குதிரை பெரிதா, சைக்கிள் பெரிதா என்று அண்ணனை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். "குதிரைக்கு ஒரு மனசு இருக்கு. நம்ம மனசும் அது மனசும் ஒத்துப்போகணும். சைக்கிளுக்கு நம்ம மனசுதான். ரெண்டும் வேணும்" என்பார். அண்ணி சொல்வார்: "குதிரையத் தேய்க்க ஒரு மணி நேரம். சைக்கிளத் தொடைக்க ஒரு மணி நேரம். என்னைய மூணாவதா கட்டிக்கிட்டு வந்தாரு."

அப்போது தோட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. எழுதி வைத்த சட்டம் அல்ல. சைக்கிளில் போகிற தொழிலாளி, துரையோ கணக்கப்பிள்ளையோ எதிரில் வந்தால் இறங்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். பங்களா ரோட்டில் யாரும் இல்லாவிட்டாலும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எல்லோரும் இறங்கினார்கள். கணக்கப்பிள்ளையும் துரைக்கு இறங்குவார்.

ஒரு நாள் காலை நல்ல பனி. நாங்கள் ரோட்டுக்கு மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கீழே கணக்கப்பிள்ளை சைக்கிளில் வந்தார். எதிரே பனிக்குள் குதிரை வந்தது. அவர் குதித்து இறங்கி, சைக்கிளைக் கானில் விட்டு, தொப்பியைக் கழற்றி, "குட் மார்னிங் சார்" என்றார். குதிரை பக்கத்தில் வந்து நின்றது. அண்ணன் குனிந்து, "நான்தாங்க" என்றார்.

எங்கள் வரிசையில் ஒரு அக்கா மேலே இருந்து சத்தமாகச் சொன்னார்: "கணக்கப்பிள்ளை ஐயா, தொரை போயிட்டாரு, நீங்க ஏறிக்கங்க." மலை முழுக்கச் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. அதற்காக அவரை விட்டுவிடவா போகிறார்கள்.

மறுநாள் அண்ணன் சைக்கிளில் வந்தபோது கணக்கப்பிள்ளை மறித்து, இறங்கு என்றார். அண்ணன் இறங்காமல் சுற்றிக்கொண்டு போய்விட்டார். ஆபீசில் விசாரணை வைத்தார்கள். உள்ளே நடந்ததைக் கிளாக்கர் ஐயா பிறகு சொன்னார்.

துரை கேட்டாராம்: "நீ ஏன் எறங்கல?"

"குதிரை மேல இருந்தப்ப அவரு எனக்கு எறங்குனாருங்க தொரை. ரெண்டு மேலயும் ஒக்காந்தது ஒரே ஆளுதாங்க."

"உனக்கு குதிரை வேணுமா, சைக்கிள் வேணுமா?"

"ரெண்டும்தாங்க தொரை."

செவலையை அண்ணன் மாதிரி பார்க்க வேறு ஆள் இல்லை. துரைக்கு அது தெரியும். கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிவிட்டு, "குதிரை கூட இருந்தா எறங்க வேணாம். சைக்கிள் தனியா வந்தா எறங்கணும். போ" என்றாராம்.

அண்ணன் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார்.

சைக்கிளை லாயத்துக்குள் கொண்டுபோய்ச் செவலையின் தொட்டியில் சாய்த்து வைத்தார். குதிரை முதலில் மிரண்டு பலகையை உதைத்தது. அண்ணன் கொள்ளு வைக்கும்போதெல்லாம் சைக்கிள் மணியை அடித்தார். பத்து நாளில் மணிச் சத்தம் கேட்டால் செவலை தலையை நீட்டியது. பிறகு ஒரு காலை அண்ணன் சைக்கிளில் ஏறினார். வலது கையில் ஹாண்டில். இடது கையில் செவலையின் கயிறு. பங்களா ரோட்டில் அப்படியே போனார். மேட்டில் குதிரை இழுத்தது. இறக்கத்தில் அண்ணன் பிரேக் பிடித்தார்.

கணக்கப்பிள்ளை, "டேய், எறங்குடா" என்றார்.

"எறங்குனா கயிறு நழுவிருங்க. நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"

செவலை அவரைப் பார்த்து மூச்சு விட்டது. அவர் கானுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அப்படிப் பல வருடம் போனார். ஊரில் விளையாட்டு மாதிரி பேசினார்கள். விளையாட்டு இல்லை. ஒரு பக்கம் சாய்ந்தால் எலும்பு போகும், இன்னொரு பக்கம் சாய்ந்தால் வேலை போகும். இரண்டு முறை விழுந்து, கயிற்றை விடாமல் எழுந்தார்.

பழைய துரை சீமைக்குப் போனார். புதுத் துரை ஜீப்பில் வந்தார். செவலையை நுவரெலியாவில் ஒருவருக்கு விற்றார்கள். கொண்டுபோய் விட்டு வரச் சொன்னார்கள். விடியும்போது அண்ணன் சைக்கிளும் குதிரையுமாகப் புறப்பட்டார். அந்தியில் சைக்கிளோடு வந்தார். சாப்பிடவில்லை.

மறுநாள் காலை சைக்கிளை எடுத்தார். அம்மா வாசலில் நின்றார்.

"எறங்கிப் போடா. பத்துச்சீட்டு குடுத்து வேலைய விட்டு நிறுத்திருவாங்க. காம்பராவும் போயிரும். இந்த மழையில எங்கடா போறது?"

"குதிரை இருந்தா மனுசன், இல்லாட்டி எறங்கணுமாம்மா?"

அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

பங்களா ரோட்டில் கணக்கப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். "எங்கடா உன் குதிரை?" என்றார்.

"நுவரெலியாவுலங்க."

"அப்ப எறங்கு."

"குதிரைதாங்க போச்சு. நான் போகல."

அன்றே ஆபீசுக்குக் கூப்பிட்டு மூன்று நாள் கெடு வைத்தார்கள். இறங்க வேண்டும். இல்லாவிட்டால் வேலையும் வீடும் இல்லை. முதல் நாள் அண்ணன் இறங்காமல் போனார். இரண்டாம் நாளும். அம்மா சட்டி பானைகளைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் லயத்துக்கு வெளியே வந்தபோது சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். மேல் பிரிவு ஆட்கள், ஃபேக்டரி ஆட்கள், எல்லாம்.

"எங்கடா கெளம்பிட்டீங்க?" என்றார் அண்ணன்.

"கொட்டகலைக்குண்ணே."

"எல்லாருமா?"

"வீட்டுல சீனி முடிஞ்சிருச்சுண்ணே."

"எல்லார் வீட்டுலயுமா?"

"ஆமாண்ணே. ஒரே நேரத்துல."

பங்களா ரோட்டில்தான் போனார்கள். ஒருவரும் இறங்கவில்லை. கணக்கப்பிள்ளை பாக்கெட் புத்தகத்தைத் திறந்து பெயர் எழுத ஆரம்பித்தார். பாதியில் மூடிவிட்டார். இத்தனை பேருக்கும் சீட்டுக் கொடுத்தால் யாரை வைத்து ஃபேக்டரி ஓட்டுவது?

பத்துச்சீட்டு வரவில்லை. அண்ணனைத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போட்டார்கள். குதிரை தொட்ட கையில் கத்தி. குறை சொல்லவில்லை. லீவு கிடைத்தால் நுவரெலியாவுக்கு சைக்கிள் மிதித்துப் போய்ச் செவலையைப் பார்த்து வருவார். போக நாலு மணி நேரம். போன வருடம் மழையில் அப்படிப் போய் வந்துதான் நெஞ்சில் சளி கட்டியது. போகாமல் இருந்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் சொல்ல மாட்டேன். முப்பத்தாறு வயது. அவர் விருப்பத்துக்குப் போனார்.

ஆஸ்பத்திரிக்கு லொறி கொடுத்தவருக்கு நன்றி. இரண்டு நாள் கடையை மூடிவிட்டு உடன் இருந்த நானாவுக்கு நன்றி. எங்கள் பாஷை தெரியாமலே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவுக்கு நன்றி. மலர் அச்சடித்த ஹட்டன் அச்சுக்கூடத்தாருக்கு நன்றி.

அந்த மூன்றாம் நாள் சீனி வாங்கப் போனவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர்களில் பலர் இன்னும் இங்கே வேலை செய்கிறார்கள். பெயர் போட்டால் தொந்தரவு வரும். போடவில்லை. சைக்கிள் இல்லாதவர்களும் பின்னால் ஏறிக்கொண்டு போனார்கள். மலையில் நின்று நான் எண்ணினேன்.

அண்ணனைச் சேர்க்காமல், சைக்கிள் ஒன்பது. ஆட்கள் பதினேழு.