தண்ணீர் நிரப்பியவள்

கல்லூரி ஆலயத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் சுன்ஹோ ஒரு நாள்கூட வெறுங்கையால் ஞானஸ்நானக் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பியதில்லை. முழங்கை வரை ஏறும் மஞ்சள் ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டுதான் குடத்தையே தொடுவாள். அவளுக்கு எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கல்லூரி மலையடிவாரத்தில், ரயில் நிலையத்தை ஒட்டி இருந்தது. பல்கலைக்கழகத்தின் மற்ற கல்லூரிகளெல்லாம் மேலே. "மேல இருக்கறவங்களுக்கு காத்து, நமக்கு கர்த்தர்" என்று விடுதிப் பையன்கள் கிண்டலடிப்பார்கள். ஆலயத்தின் வாசலில் நின்றால் தோலோ வளைகுடா தெரியும். அந்த வளைகுடாவில்தான், படகிலேயே பிறந்து படகிலேயே வளர்ந்தவள் சுன்ஹோ. கட்டிக்கொண்டதும் படகுக்காரனைத்தான். அவள் புருஷன் ஷெக் தாய்ஹோய் கடலில் புலி, கரையில் பூனை. கடைக்குப் போனால் என்ன வேண்டும் என்று கேட்கவே வாய் வராது. சோற்றுக் கிண்ணம் காலியானாலும் அவளாகப் பார்த்துப் போட்டால்தான் உண்டு. ஒரு குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவள் படகை விற்றுவிட்டு மகனோடு கரையேறி, கல்லூரியில் துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.

இறந்தவர்கள் பசியோடு திரும்பி வருவார்கள் என்று நம்பும் ஏழாம் மாதத்தில் அவள் ஒவ்வொரு வருடமும் கரையோரம் ஒரு தகர டப்பாவில் அவனுக்காகக் காகிதச் சட்டையும் காகிதப் பணமும் எரிப்பாள்; எரித்தால்தான் அவை அவனைப் போய்ச் சேரும். பக்கத்தில் சோறும் வாத்துக்கறியும் வைப்பாள். "எடுத்துச் சாப்பிடுங்க, யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க" என்று மெதுவாகச் சொல்வாள்.

கையுறை விஷயம் ஒரு ஞாயிறு காலை வெளிப்பட்டது. இடது கையுறை கிழிந்துபோயிருந்தது. ஞானஸ்நானம் பெறப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாகக் காத்திருந்தார்கள், கிண்ணமோ காலியாக இருந்தது. ஆலயத்தின் போதகர் பூன், ஒல்லியான மனிதர், அவளைத் தேடிக்கொண்டு பின்னறைக்கு வந்தார்.

"என்னக்கா, தண்ணி வரலையா?"

"தண்ணி வருது பாஸ்டர். கையுறைதான் இல்ல."

"கையாலயே ஊத்துங்களேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க தண்ணி மேல பட்டா நானும் உங்க ஆளாயிடுவேனே. செத்தப்புறம் உங்க பக்கம் கூட்டிட்டுப் போயிடுவாங்க. எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் தனியா கெடக்கறார்."

பூன் சிரிக்கவில்லை. "கை நனைஞ்சா மட்டும் யாரும் எங்க ஆளாயிட மாட்டாங்கக்கா. கேட்டு, நீங்க சரின்னு சொன்னாத்தான்."

"நீங்க நல்லவர்தான். ஆனா உங்க சாமி வேற மாதிரி நெனச்சிட்டா?"

அன்று அவரே தண்ணீர் ஊற்றினார். மறுநாள் பின்னறை ஆணியில் புதுக் கையுறை தொங்கியது.

மகன் ஃபாய் அதே கல்லூரியில் இடம் பிடித்தபோது அவள் படகுக்காரச் சொந்தங்களுக்கெல்லாம் விருந்து வைத்தாள். இரண்டாம் வருடம் அவன் ஞானஸ்நானம் கேட்டான். அவள் மறுக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு தன் மகனுக்கான தண்ணீரைத் தானே நிரப்பி வைத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அந்த ஏழாம் மாதத்திலிருந்து ஃபாய் தன் அப்பாவுக்கு ஊதுபத்தி கொளுத்துவதை நிறுத்திவிட்டான். அவள் தனியாகவே எரித்தாள்.

அவளுக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது ஃபாய்க்கே இரண்டு பிள்ளைகள். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டில் கிழவி பேச்சு நின்று கிடந்தாள். உறவுக்காரர்கள் யாரோ ஒரு போதகரைக் கூட்டிவந்து அவள் நெற்றியில் ஞானஸ்நானத் தண்ணீர் தெளிக்க வைத்தார்கள். கிழவி கண்ணைத் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து சுன்ஹோ கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். காய்ச்சலில் வியர்த்து ஊற்றினாலும் கழற்ற மாட்டேன் என்றாள். தாதிகள் அலுத்துப்போனார்கள்.

பூன் பார்க்க வந்த மதியம் ஃபாயும் இருந்தான். அவள் போதகரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நெனவில்லாம போனப்புறம் யாரும் என் தலையில தண்ணி ஊத்தக் கூடாது. நீங்க பாத்துக்கணும்."

"பாத்துக்கறேன்க்கா."

ஃபாயின் முகம் சிவந்துவிட்டது. "பாஸ்டர், நீங்க எடுத்துச் சொன்னா அம்மா கேப்பாங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"இத்தனை வருஷம் என் பிரசங்கத்த எல்லாம் கேட்டவங்கப்பா. தெரியாம சொல்லல."

"அப்ப அம்மா எங்க போவாங்க? அதைச் சொல்லுங்க."

பூன் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கப்பா கிட்ட" என்றாள் சுன்ஹோ.

"அப்ப நான் உன்னைத் திரும்பப் பாக்கவே முடியாதேம்மா."

இதை அவள் நினைத்துப் பார்த்ததில்லை. பயப்படுவது தான் மட்டும்தான் என்று இருந்தாள். நாற்பதைத் தாண்டிய மகன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் படகின் விளிம்பைப் பிடித்து நின்றது போலவே நின்றான். அவள் வெகுநேரம் இருமினாள். இருமல் அடங்கியதும், அவனை உட்காரச் சொன்னாள்.

"உனக்கு அங்க உன் பொண்டாட்டி வருவா, பிள்ளைங்க வரும், இந்த பாஸ்டர் வருவார், கல்லூரியே வரும். உங்கப்பாவுக்கு யாருடா இருக்கா? கேட்டு வாங்கித் திங்கத் தெரியாத மனுஷன். நீயும் எரிக்க மாட்டே. நான் போனாத்தான் அவருக்குச் சோறு."

பூன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"எனக்கு ஒண்ணும் எரிக்க வேணாம்" என்றாள். "ஊதுபத்தியும் வேணாம், உனக்கு ஆகாது. நான் செத்ததும் காசு குடுத்துத் தண்ணி மட்டும் வாங்கிட்டு வந்து என் மொகம் தொடச்சி விடு. அதத் தலப்பிள்ளதான் செய்யணும். மொகம் கழுவாதவங்களை அங்க உள்ள விட மாட்டாங்க."

"உன் பேர் எழுதின காகிதக் கொடியும் பிடிக்கணுமா?"

"பிடிச்சாத்தானே தண்ணி கொடுக்கற கடல் சாமிக்கு யாருக்காக வந்திருக்கேன்னு தெரியும்."

"கடலுக்கா போகணும்?"

"ஈமச்சடங்கு மண்டபத்துலயே குழாய் இருக்கு. காசப் போட்டுட்டுப் பிடி. இப்ப யாரு கடலுக்குப் போறா."

ஃபாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சபையில் என்ன சொல்வார்களோ என்று முணுமுணுத்தான். பூன் ஜன்னலிலிருந்து திரும்பாமலே, "அன்னிக்கு நானும் வர்றேன். கேக்கறவங்க என்னைக் கேக்கட்டும்" என்றார்.

"செய்யறேன்மா" என்றான் ஃபாய்.

அவள் தொப்பியைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தாள். முடியெல்லாம் நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. விசிறச் சொன்னாள். மகன் நாளிதழை மடித்து விசிற, உறங்கிப்போனாள்.

இலையுதிர்காலத் தொடக்கத்தில் அவள் போனாள். மண்டபத்தில் ஃபாய் துக்கத்துக்கான சணல் உடுப்பு போட்டு, காகிதக் கொடியைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தான். பின்வரிசையில் பூனும், விடுதி வேலையாட்களும், பழைய மாணவர்கள் சிலரும் நின்றார்கள். தாவோயிசப் பூசாரி மணியை ஆட்டினார். ஃபாய் காசைப் போட்டான், கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தான், துணியை நனைத்து அம்மாவின் நெற்றியிலிருந்து மோவாய் வரை துடைத்தான். அவன் உதடுகள் அசைந்தன. யாரிடம் என்ன சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை.

"தம்பி, ஒரு தடவை தொடச்சாப் போதும்" என்றார் பூசாரி. அடுத்த சடங்குக்கு நேரமாகிவிட்டிருந்தது.

ஃபாய் துணியை மறுபடியும் நனைத்தான்.