சனிக்கிழமை நல்லெண்ணெய்

நாய் வளர்க்கும் யோசனை என்னுடையதில்லை, என் கணவருடையது. அப்போது நாங்கள் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் ஓர் அபார்ட்மென்ட்டில் குடியிருந்தோம். அவருக்கு கன்சல்டிங் வேலை. திங்கள் காலை டாலஸுக்கு ப்ளேன் ஏறினால் வியாழன் இரவுதான் வீடு. எனக்கோ வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா, கார் ஓட்டவும் தெரியாது. அந்தக் குளிர்காலத்தில் வயிற்றில் வந்தது தங்காமல் போயிற்று. அதற்குப் பிறகு நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன் என்று அவர் பயந்தார். தனியாக ஒன்றும் பேசவில்லை, ஃப்ரிட்ஜோடு பேசினேன். அந்த வீட்டில் பகலெல்லாம் பதிலுக்கு ஏதாவது சத்தம் கொடுத்தது அது ஒன்றுதான்.

ஒரு விடுமுறை நாளில் ஊர் நகராட்சி நடத்தும் விலங்குக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனார். வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், பினாயில் மாதிரி ஒரு மருந்து வாடை, காது கிழியும் குரைப்பு. எல்லா நாய்களும் கம்பியில் ஏறிக் குதித்தன. ஒன்று மட்டும், வந்தால் வா போனால் போ என்று, பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வெளிர் பழுப்பு, ஒரு காது தொங்கல், குட்டிப் பருவமெல்லாம் எப்போதோ முடிந்த ஆண் நாய். இரண்டு வீட்டுக்காரர்கள் எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். சுவரைப் பார்த்து உட்காரும் ஜென்மம் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

நாயைக் கொடுப்பதற்கு முன்னால் பெண் கொடுக்கிற மாதிரி ஆயிரம் கேள்வி கேட்டார்கள். முன்பு நாய் வளர்த்ததுண்டா? இல்லை. தோட்டம் உண்டா? இல்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? நான் இருப்பேன் என்றேன். எத்தனை மணி நேரம்? எல்லா நேரமும். கேள்வி கேட்ட அம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அமெரிக்கா வந்த பிறகு எனக்கு என்று ஒரு தகுதி இருந்ததாக யாராவது ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

அவனை ராசா என்று கூப்பிட்டேன். ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி வாய்க்கு வந்ததுதான். அவன் பின்னாலேயே வந்தான். நான் வெங்காயம் நறுக்கினால் காலடியில் படுப்பான், துணி மடித்தால் துணி மேல் படுப்பான். பிறகு தோல் வறண்டு, சொறிய ஆரம்பித்தான். டாக்டர் கொடுத்த ஷாம்பு எதுவும் கேட்கவில்லை. உடம்புச் சூடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சூட்டுக்கு என்ன வைத்தியம் என்று நம் வீடுகளில் யாரும் டாக்டரைக் கேட்பதில்லையே. மௌரி அவென்யூவில் இருந்த இந்தியக் கடையில் நல்லெண்ணெயும் சீயக்காயும் வாங்கினேன். ஆண்பிள்ளை அல்லவா, அதனால் சனிக்கிழமை.

குளியலறைத் தரையில் பேப்பர் விரித்து, கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இரண்டு காலையும் நீட்டி உட்காருவேன். எண்ணெயை வெதுவெதுப்பாகச் சுட வைத்து, முதுகில் தொடங்கி வால்வரை தேய்ப்பேன். முதல் வாரம் முறைத்தான். அடுத்தடுத்த வாரங்களில் நான் காலை நீட்டியதும் தானே வந்து கால்மேல் மல்லாந்து படுத்து, நான்கு காலையும் மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொள்வான். சொறிவதும் நின்றது. கழுத்துப்பட்டையும் அதில் தொங்கும், காப்பகத்து எண் பொறித்த வில்லையும் எண்ணெய் ஆகிவிடும் என்று கழற்றி வாஷ்பேசின் மேல் வைத்துவிடுவேன். வினை அங்கேதான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து ஊற வைத்திருந்தேன். அவர் லாண்டரியிலிருந்து துணிக்கூடையோடு வந்து வாசல் கதவைத் திறந்தார். அதே நேரம் வெளியே ஒரு மோட்டார்பைக் வெடித்த மாதிரி கிளம்பியது. ராசா துள்ளி எழுந்து ஹாலைத் தாண்டி ஓடினான். வாசலில் நான் அவனைப் பிடித்தேன். நன்றாகத்தான் பிடித்தேன், இரண்டு கையாலும், இடுப்பைச் சுற்றி. எண்ணெய் உடம்பு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. படியில் இறங்கி, பார்க்கிங்கைத் தாண்டி, ரோட்டுப் பக்கம் திரும்பும்வரை பார்த்தேன். என் கையில் எண்ணெய்தான் இருந்தது.

செருப்பில்லாமல் ஓடினேன். அவர் காரில் சுற்றினார். கால்வாய்க் கரை, பள்ளிக்கூட மைதானம், கடைகளின் பின்பக்கக் குப்பைத்தொட்டிகள், எல்லா இடத்திலும் ராசா, ராசா என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஃப்ரீவே பக்கம் போகும்போது மட்டும் நான் ரோட்டைப் பார்க்கவில்லை. சாயங்காலம் காப்பகத்துக்கு ஃபோன் செய்தோம். வெளிர் பழுப்பு நாய், கழுத்தில் பட்டை இல்லை என்று சொன்னோம். அப்படி ஒன்றும் வரவில்லை என்றார்கள். ஞாயிறும் திங்களும் அங்கே விடுமுறை, பதிவு செய்த குரல்தான் பேசும். கேட்பாரில்லாத நாயைச் சில நாள்தான் வைத்திருப்பார்கள், நோய் கண்ட நாயை அவ்வளவுகூட வைத்திருக்க மாட்டார்கள் என்றும் அந்தக் குரல் சொன்னது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

திங்கள் விடிவதற்கு முன் அவர் பெட்டியோடு கிளம்பி நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாய்தானேம்மா. கிடைக்கலேன்னா இன்னொண்ணு அடாப்ட் பண்ணிக்கலாம்" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில், காருக்குள் வைத்து, இதே குரலில்தான் சொன்னார்: "விடு, அடுத்தது பாத்துக்கலாம்." நல்ல மனிதர்தான். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். எனக்கு வந்ததே கோபம், அவர் பெட்டியை எடுத்து வாசலுக்கு வெளியே எறிந்தேன். "நீங்க போங்க. இங்க செத்தது போனதுக்கெல்லாம் நான் இருக்கேன்" என்றேன். அவர் பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். ப்ளேனுக்கு நேரமாகிவிட்டது.

அன்று முழுவதும் வாசல் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு இறங்கவில்லை. அவன் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக் கழுவி வைத்தேன். பைத்தியம் இப்படித்தான் பிடிக்கும்போல என்று எனக்கே தோன்றியது.

மறுநாள் காலையில் மாடி வீட்டு ஆன்ட்டி இறங்கி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மகன் வீட்டில் இருந்தார், கார் ஓட்டுவார். நாய் என்றாலே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்குகிறவர். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"நாய்க்கும் சனி முழுக்கோ?" என்றார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அழுதுகொண்டிராமல் வெளிக்கிடும், பிள்ளை. ஃபோனிலை கேட்டால் ஆர் தேடுவினம்? நான் காரிலை கூட்டிக்கொண்டு போறன்."

கழுத்துப்பட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். காப்பக வாசலில் ஆன்ட்டி, "உள்ளுக்கு நான் வரேல்லை, மணம் ஒத்துக்கொள்ளாது" என்று காரிலேயே இருந்துவிட்டார். சீருடை போட்ட, நரைத்த தலைமுடியுள்ள ஓர் அதிகாரி அம்மாள் என்னைக் கூண்டு கூண்டாகக் காட்டிக்கொண்டு போனார். பழுப்பு நாய்கள் எத்தனையோ இருந்தன. ஒன்றும் அவன் இல்லை. கடைசிக் கூண்டும் முடிந்தது. வருத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் வெளிவாசல் பக்கம் கையைக் காட்டினார்.

திரும்பும்போது வாடை வந்தது. அந்த மருந்து நெடிக்கு நடுவே, காறிப்போன நல்லெண்ணெய். பூட்டிய ஒரு கதவின் அடியிலிருந்து வந்தது.  இந்தக் கதவைத் திறங்கள் என்றேன். அது பொதுமக்களுக்கு இல்லை என்றார். உள்ளே ஒரு கறுப்பு நாய், தோல் நோய், யாரும் தொட்டால் உறுமுகிறது, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, சாயங்காலம் டாக்டர் வந்து ஊசி போட்டு அதை ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடுவார் என்றார். கறுப்பு இல்லை, எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கறுத்திருக்கிறது, அது என் நாய் என்று கத்தினேன். பையிலிருந்த பட்டையை எடுத்து நீட்டினேன். வில்லையில் இருந்த எண் அவர்கள் கொடுத்ததுதான், கம்ப்யூட்டரில் என் பெயர் வந்தது.

நாய் என்னுடையது என்று ஆனதும்தான் வம்பு ஆரம்பித்தது. அதன் மேல் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார்.

"எண்ணெய்."

"மோட்டார் எண்ணெயா?"

"இல்லை, சமையல் எண்ணெய்."

அவர் முகம் மாறியது. "சுட வைத்தீர்களா?"

பொய் சொல்ல வரவில்லை. "கொஞ்சம்."

"எதற்காக?"

"அன்றைக்குச் சனிக்கிழமை" என்றேன்.

எனக்குத் தெரிந்த உண்மையான பதில் அதுதான். இருந்த அரைகுறை இங்கிலீஷும் அந்த நேரத்தில் கைவிட்டது. சூடு, தோல், எங்கள் ஊர், என் அம்மா என்று ஏதேதோ உளறினேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் உதடு இறுகியது. காய்ச்சிய எண்ணெயை நாய் மேல் ஊற்றுகிறவள், அது தப்பித்து ஓடியிருக்கிறது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இந்த நிலையில் நாயை உங்களிடம் தர முடியாது என்றார். என்னிடம் தராவிட்டால் வேறு யாரும் அவனை எடுக்கப் போவதில்லை, சாயங்காலம் டாக்டர் வருவார். ஒரு தடவை பார்த்துவிட்டாவது போகிறேன் என்று கும்பிட்டேன். கோயிலில்கூட அப்படிக் கும்பிட்டதில்லை.

அவர் கதவைத் திறந்தார். சிமென்ட் தரை, சுவரில் ஒரு குழாய், மூலையில் ஒரு கூண்டு. சேறும் எண்ணெயும் சடையாக ஒட்டிக்கொண்டு ஏதோ ஒன்று பின்சுவரைப் பார்த்துக் கிடந்தது. தொங்கல் காதை வைத்துத்தான் தெரிந்தது. கூண்டைத் திறந்துவிட்டு அவர் கதவோரம் நின்றுகொண்டார். ராசா என்று கூப்பிட நினைத்தேன், கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.  சுவரில் சாய்ந்தபடி சரிந்து, இரண்டு காலும் முன்னால் நீட்டிக்கொள்ள, தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் தலையைத் திருப்பினான். எழுந்து, ஒரு காலை நொண்டிக்கொண்டு வந்து என் பாதத்தை முகர்ந்தான். பிறகு ஒருமுறை சுற்றி, என் நீட்டிய கால்மேல் மல்லாந்து படுத்து, நான்கு காலையும் மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டான். எப்போதும் போல.

 அந்த அம்மாள் அவனைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு வாளியும் சோப்பும் கொண்டுவந்தார். குழாயைத் திறந்து, புறங்கையில் விட்டுச் சூடு பார்த்து வாளியை நிரப்பி என் பக்கம் தள்ளினார். "இன்னும் கழுவிவிடவில்லை, அப்படித்தானே?" என்றார்.

உட்கார்ந்த இடத்திலேயே, சல்வார் எல்லாம் நனைய, அவனைக் கால்மேல் வைத்துத் தேய்த்தேன். தண்ணீர் கறுப்பாக ஓடியது. வெளிர் பழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை பொங்கியது. வயிற்றில் தங்காமல் போனதற்கு நான் அதுவரை அழுததே இல்லை. ஆஸ்பத்திரியில் அழவில்லை, ஊருக்கு ஃபோனில் சொன்னபோதும் அழவில்லை. அந்தச் சிமென்ட் தரையில், அந்நியப் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதேன். தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

நேரமாகிறதே என்று ஆன்ட்டி தேடிக்கொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி வாசலில் நின்றார். நான் வாளியைத் தூக்கி அவன் தலையில் ஊற்றப் போனபோது, அவசரமாக ஓர் எட்டு உள்ளே வந்தார்.

"காதுக்குள்ளை தண்ணி போகாமல் பாரும், பிள்ளை" என்றார்.

நான் அவன் காதைப் பொத்திக்கொண்டேன்.