நட்சத்திரம் தெரியாத மேனேஜர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். எட்டாவது வரை படித்தவன் நான். அதைவிட, சன்னதியில் வேண்டிக்கொண்டதை வெளியே சொல்லலாமா என்ற பயம். அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்று நம்பி எழுதுகிறேன்.

எங்கள் ஒரே மகன் இங்கிலாந்தில், ஒரு கால்பந்து அணியின் மைதானத்துக் கிச்சனில் வேலை பார்க்கிறான். அந்த நாட்டின் முதல் வரிசையில் இருபது அணிகள். சீசன் முடிவில் அடியில் கிடக்கும் மூன்றும் கீழ் வரிசைக்கு இறங்கிவிட வேண்டும். அவன் அணி அந்த வருஷம் அடியிலேயே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது அவன் முகம் வாடியிருந்தது.

"மேனேஜரை அனுப்பிட்டாங்கப்பா. புதுசா ஒருத்தர் வந்துக்கிறாரு. இவரும் கைவிட்டுட்டா டீம் கீழ போயிடும். ஆளக் கொறைப்பாங்க. மொதல்ல கிச்சன்லதான் கை வெப்பாங்க. வேலை போனா விசாவும் போச்சு."

"மேனேஜர்னா கணக்கு வழக்கு பாக்கறவரா?" என்றாள் என் மனைவி.

"இல்லம்மா. யாரு ஆடணும், எப்படி ஆடணும்னு சொல்றவரு. ஜெயிச்சா பசங்களுக்குப் பேரு. தோத்தா இவருக்கு பேஜாரு."

"பாவம், அவரப் பெத்தவ எங்க உக்காந்து அழுதுக்கினு இருக்காளோ."

போனை வைத்த பிறகு அவள் வெகுநேரம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரித்தாள். தலை நிமிராமல் கேட்டாள்: "இன்னாங்க, அந்த டீமு கீழ போயிட்டா புள்ள வூட்டுக்கு வந்துடுவான் இல்ல?"

எனக்கும் அதே நினைப்புதான். போனதிலிருந்து ஒரு பொங்கலுக்கும் அவன் வரவில்லை. அவன் கட்டிலின் மேல் ஒரு துணியைக்கூட அவள் வைக்க விடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை திண்டிவனத்தில் அம்மன் கோயிலுக்குப் போனோம். குருக்களிடம் மகன் பெயரையும், உத்திரம் என்று நட்சத்திரத்தையும் சொன்னேன்.

"இந்த மேனேஜர் பேரையும் சேத்துக்கங்க சாமி," என்று மனைவி ஒரு பெயரைச் சொன்னாள். மகனிடம் கேட்டு மனப்பாடம் செய்து வந்திருந்தாள்.

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. வெள்ளைக்காரரு."

"கோத்திரம்?"

"வெள்ளைக்காரருன்னு சொல்றனே சாமி."

குருக்கள் சிரிக்கவில்லை. "என்ன கொறை அவருக்கு?"

"வேலை நெலைக்கணும்."

கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல் சிவகோத்திரம் என்று சேர்த்து, அந்தப் பெயரை ஓர் எழுத்து பிசகாமல் சொல்லி அர்ச்சனை செய்தார்.

தீபாராதனையின்போது, மகன் நினைத்தபடியே வேலை நிலைக்கட்டும் என்றுதான் வேண்டினேன். வேறு கேட்க மனம் வரவில்லை. வெளியே வந்து மனைவியைக் கேட்டேன். "நானும் அதான்," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசி ஆட்டத்தைப் பார்க்க விழுப்புரத்தில் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போனோம். அங்கேதான் அந்தச் சேனல் வரும்.

"கிரிக்கெட் போட்டாலே எழுந்து போற ஆளு, புட்பால் பாக்க பஸ் ஏறி வந்துக்கிறீங்களே," என்று சகலை சிரித்தார்.

அதில் ஜெயித்தால் மகன் அணி தப்பிவிடும்; ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. கடைசியில் எதிரணி அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. விசில் ஊதியதும் மேனேஜர் புல்லில் மண்டியிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். "பொழச்சிட்டாருங்க," என்று மனைவி டிவியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

மகன் கூப்பிட்டான். பின்னால் ஒரே ஆரவாரம். "வேலை நின்னுச்சிம்மா."

"சந்தோஷம் கண்ணு. எப்ப வருவ?"

"லீவு கேட்டுப் பாக்கறேம்மா. அடுத்த சீசன் வேலைய இப்பவே ஆரம்பிச்சிடுவாங்க."

"சரி கண்ணு. வேளைக்குச் சாப்புடு."

திரும்பும்போது பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது. பிறகு, "ஆத்தா கேட்டதக் குடுத்துட்டா," என்றாள். அவ்வளவுதான்.

மகன் இன்னும் வரவில்லை. அந்த மேனேஜரையும் பிறகு மாற்றிவிட்டார்கள். எந்த ஊரில் இருக்கிறாரோ. ஆனாலும் செவ்வாய்தோறும் இரண்டு பெயருக்கும் அர்ச்சனை நடக்கிறது. நிறுத்த அவளுக்கு மனசில்லை.

இதை யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவன் வர வேண்டும் என்று ஏங்கினோம். ஆனால் அவன் ஆசைப்பட்டதைத்தான் கேட்டோம். ஒன்றை விட்டுச் சொன்னால் அவன் காதில் வேறு மாதிரி விழும். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.