எந்த வாரம் மருந்து, எந்த வாரம் சர்க்கரை

மின்சார அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு நீள அறை. அங்கேதான் அவள் பதினெட்டு வருஷமாக மீட்டர் சோதித்தாள். "எங்க வீட்டு மீட்டர் தாறுமாறா ஓடுது" என்று யாராவது எழுதிக் கொடுத்தால், அந்த மீட்டரைக் கழற்றி வந்து, சரியானது என்று முத்திரை பெற்ற இன்னொன்றோடு சேர்த்து மாட்டி, இரண்டிலும் ஒரே மின்சாரத்தை ஓடவிட்டுப் பார்ப்பாள். புகார் கொடுத்தவரையும் நம்ப மாட்டாள், மீட்டரையும் நம்ப மாட்டாள். ஆபீஸில் அவளுக்கு மீட்டரக்கா என்றே பேர்.

நாற்பத்தேழு வயதில் அவளுக்கு மனச்சோர்வு வந்தது. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. காரணமே இல்லாமல் வந்ததுதான் அவளுக்கு முதல் சந்தேகம். காலையில் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி இருபது நிமிஷம் குளியலறையில் நின்றாள். எதைச் சாப்பிட்டாலும் அட்டையை மெல்வது போலிருந்தது. ஒரு நாள் ஆறு மீட்டருக்கும் ஒரே எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டாள். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது அழுகையும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. அன்றைக்குத்தான் பள்ளி பஸ் ஓட்டும் அவள் புருஷன் பயந்துபோய் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்.

முதலில் கொடுத்த மாத்திரை ஆறு வாரத்தில் வாயை உலர வைத்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. டாக்டரம்மா அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டு, வேறொரு மருந்தைக் கேப்சூலாகக் கொடுத்தார். ஐந்தாவது வாரம் ஒரு காலையில் புருஷன் சொன்னார்:

"நீ இன்னைக்கு ஏதோ பாட்டு முணுமுணுத்தே."

"குக்கர் சத்தமா இருக்கும்."

ஆனால் பசிக்க ஆரம்பித்திருந்தது. தூக்கமும் வந்தது. அதுதான் அவளைக் குடைந்தது. அதே வாரங்களில் ஆபீஸில் நீண்ட லீவு கிடைத்திருந்தது. சாயங்காலம் புருஷனோடு நடக்கப் போனாள். விடாமல் பெய்த மழையும் நின்றிருந்தது. நாலு விஷயத்தை ஒன்றாக மாற்றிவிட்டு எதனால் தேறினேன் என்று எப்படிச் சொல்வது?

டாக்டரம்மாவிடமே கேட்டாள். "இது வேலை செய்யுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கோபப்படவில்லை. "நூறு பேருக்கு இந்த மாதிரி மருந்து கொடுத்தா, ரெண்டு மாசத்துல சுமார் ஐம்பது பேருக்கு நல்லாவே குறையும். வெறும் மாவை மாத்திரையாக்கிக் கொடுத்தாலும் சுமார் முப்பது பேருக்குக் குறையும்."

"அப்போ மருந்தோட வேலை இருபது பேருக்குத்தான்."

"ஏறக்குறைய. சோர்வு ரொம்ப மோசமா இருக்கிறவங்களுக்கு அந்த வித்தியாசம் இன்னும் நல்லாத் தெரியும்."

"நான் அந்த இருபதுல ஒருத்தியா, முப்பதுல ஒருத்தியா?"

"அது எனக்கும் தெரியாதும்மா."

வீட்டுக்கு வந்ததும் கல்லூரியில் படிக்கும் மகளைக் கூப்பிட்டாள். நாலு வாரத்துக்குக் கேப்சூலை டப்பாவில் போட்டுத் தர வேண்டும். இரண்டு வாரம் நிஜ மருந்து, இரண்டு வாரம் உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு அரைத்த சர்க்கரை. "எது முதல்லன்னு நீயே முடிவு பண்ணு. என்கிட்ட மூச்சு விடாதே. உங்கப்பாகிட்டயும்."

"விபரீதமா ஏதாவது ஆச்சுன்னா?"

"அது என் பாடு."

தினமும் தன் மனநிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு நோட்டில் மார்க் போட்டுக்கொண்டாள். முதல் இரண்டு வாரமும் ஆறு, ஏழு என்று போனது. மூன்றாவது வாரம் நாலுக்கு இறங்கி, மூன்றானது. மறுபடி பிரஷ்ஷோடு நின்றாள். அந்த வாரக் கடைசியில் மகளை உட்காரவைத்தாள்.

"இப்போ சாப்பிடறது சர்க்கரை. தெரிஞ்சுபோச்சு. நிறுத்திடலாம்."

மகள் தரையைப் பார்த்தாள். "அம்மா, நான் மாத்தவே இல்ல. எல்லாமே மருந்துதான். மருந்துக்கடை அண்ணன்கிட்டக் கேட்டேன். திடீர்னு நிறுத்தினா தலை சுத்தும், பழையபடி படுத்துடுவாங்கன்னு சொன்னார். எனக்குப் பயமாயிருந்தது."

அவளுக்கு உடனே சந்தேகம் வந்தது. மகள் சொல்வது பொய்யாக இருந்தால்? மருந்தைக் காப்பாற்றவே இப்படிச் சொன்னால்? அன்று மத்தியானம் புருஷன் சாப்பிட வந்தபோது, மேஜைமேல் மிச்சமிருந்த ஏழு கேப்சூலையும் பிரித்துப் பரப்பி, ஒவ்வொன்றையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"கசக்குதுங்க. ஏழும் கசக்குது."

ஏற்கெனவே விழுங்கினதைச் சோதிக்க வழியில்லை. புருஷன் முழு விஷயத்தையும் கேட்டார். அப்புறம், "அவ எதுக்குப் பொய் சொல்லப்போறா? நீ படுத்துக்கிடந்தப்ப அவதான் உனக்குத் தலை வாரிவிட்டா," என்றார்.

அதைக் கேட்டதும், ஐந்து மாசத்தில் முதல்முறையாக, அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் முதலில் கண்டித்தார். பிறகு சொன்னார்: "சர்க்கரைன்னு நினைச்சதே உங்களைக் கீழே இழுத்திருக்கலாம். இல்ல, எல்லாருக்கும் வர்ற மோசமான வாரமா இருக்கலாம். ஒருத்தரை வெச்சு, நாலு வாரத்துல எதையும் தீர்மானிக்க முடியாது. இதனால மருந்து ஜெயிச்சதுன்னு நானும் சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவரை நம்பலாம் என்று மீட்டரக்காவுக்குத் தோன்றியது. முழுசாக இல்லை, ஓரளவுக்கு. நன்றாகத் தேறின பிறகும் ஒன்பது மாசம் கேப்சூலைத் தொடர்ந்தாள். பிறகு டாக்டரம்மா சொன்னபடி மூன்று மாசத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினாள். டப்பாவில் போடும் வேலையை மட்டும் மகளுக்கு மறுபடி கொடுக்கவில்லை. நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. இதுவரை சோர்வு திரும்பி வரவில்லை. எது தேற்றியது என்று கேட்டால் இன்றைக்கும் உதட்டைப் பிதுக்குவாள்.

போன மாசம் தபால் பிரிவில் வேலை பார்க்கும் ஒருத்தி, கண் உள்ளே போய், துணி கசங்கி, சோதனை அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க சாப்பிட்ட அந்த மாத்திரையெல்லாம் நிஜமா வேலை செய்யுதா?"

"செய்யலாம். உனக்குச் செய்யுமான்னு யாராலயும் முன்னாடியே சொல்ல முடியாது. சில வாரம் பிடிக்கும். ஒண்ணு ஒத்து வரலைன்னா வேற பார்ப்பாங்க. நீயா மட்டும் நிறுத்திடாதே."

"டாக்டர்கிட்டப் போகவே பிடிக்கலக்கா."

"எனக்கும்தான் பிடிக்கல."

அடுத்த செவ்வாய்க்கிழமை மீட்டரக்கா அரைநாள் லீவு போட்டாள். தபால் பிரிவுப் பெண் உள்ளே போய்விட்டு வரும்வரை, டாக்டரம்மா அறைக்கு வெளியே பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.